புற்றுநோயாளரின் பாலியல் நலத் தகவல் தேவைகள்

புற்றுநோயாளரின் பாலியல் நலத் தகவல் தேவைகள் என்பது, புற்றுநோயும் அதற்கான சிகிச்சையும் ஒருவரின் பாலுறவு, குழந்தைப்பேறு, தன் உடலைப் பற்றிய எண்ணம், துணைவருடனான நெருக்கம் ஆகியவற்றை எவ்வாறு பாதிக்கின்றன, அப்பாதிப்பைத் தவிர்க்க அல்லது குறைக்க என்ன வழிகள் உள்ளன என்பவை குறித்து நோயாளிகளும் அவர்களின் துணைவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகளைக் குறிக்கும். உயிர் பிழைப்பதே முதல் கவலையாக இருக்கும்போது இந்தச் செய்திகள் பின்னால் தள்ளப்படுவது இயல்பு. ஆனால் இவற்றுள் சில, சிகிச்சை தொடங்கும் முன் தெரிந்தால் மட்டுமே பயன்படுபவை. குழந்தைப்பேற்றைக் காக்கும் வழிகள் அத்தகையவை. எனவே இத்தகவல்கள் நோயாளிக்குக் கிடைப்பது மட்டுமல்லாமல், எப்போது கிடைக்கின்றன என்பதும் முக்கியமானது.

பின்னணி

2022ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 2 கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் இந்தியாவில் இந்த எண்ணிக்கை ஏறத்தாழ 14 லட்சம் என மதிப்பிடப்பட்டது. இந்தியப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் முதலிடத்திலும் கருப்பை வாய்ப் புற்றுநோய் இரண்டாம் இடத்திலும் உள்ளன. இவை இரண்டும் பாலியல் வாழ்வை நேரடியாகத் தொடும் நோய்கள். இந்திய ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் வாய்ப் புற்றுநோயும் முகம், பேச்சு, உமிழ்நீர் ஆகியவற்றைப் பாதிப்பதன் வழியே நெருக்கத்தைப் பாதிக்கிறது.

நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிவதும் சிகிச்சை முறைகளும் மேம்பட்டுவருவதால், நோய் குணமான பின் பல ஆண்டுகள் வாழ்வோரின் எண்ணிக்கை கூடிவருகிறது. அவர்களுள் திருமணம் ஆகாதவர்களும், புதிதாக மணமானவர்களும், முதிய தம்பதியரும், துணையை இழந்தவர்களும் உண்டு. பாலியல் நலம் என்பது நோயோ குறைபாடோ இல்லாத நிலை மட்டுமன்று. பாலியல் சார்ந்து உடல், உணர்வு, மனம், சமூகம் ஆகிய நான்கிலும் நலமாக இருக்கும் நிலை என்று உலக சுகாதார நிறுவனம் விளக்குகிறது. இந்த விளக்கத்தின்படி, நோய் நீங்கிய ஒருவர் துணையுடன் நெருங்கிப் பழக அஞ்சுகிறார் என்றால் அவரது சிகிச்சை இன்னும் முழுமை பெறவில்லை.

யார் முதலில் பேசுவது?

பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் ஒரே நிலைமையைக் காட்டுகின்றன. உயிர் போகும் வேளையில் இதைக் கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று நோயாளி தயங்குகிறார். மருத்துவர் சொல்லட்டும் என்று காத்திருக்கிறார். நோயாளி கேட்கவில்லை, ஆகவே அவருக்கு இதில் சிக்கல் இல்லை என்று மருத்துவர் எடுத்துக்கொள்கிறார். நேரமின்மை, பயிற்சியின்மை, கூச்சம் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. இவ்வாறு இரு தரப்பும் காத்திருக்க, பேச்சு தொடங்குவதே இல்லை.

ஆண்களைவிடப் பெண்களிடம் இதைப் பற்றிப் பேசப்படுவது குறைவு. ஆணுக்கு ஏற்படும் விறைப்புக் குறைபாடு ஒரு மருத்துவச் சிக்கலாகக் கருதப்படுகிறது. பெண்ணுக்கு ஏற்படும் வறட்சியும் வலியும் பொறுத்துக்கொள்ள வேண்டியவையாகக் கருதப்படுகின்றன. மணமாகாதவர், கைம்பெண், முதியவர், திருநர், தன்பாலீர்ப்பினர் ஆகியோரிடம் இப்பேச்சு இன்னும் அரிது.

அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்தச் சிக்கலுக்கு நேரான தீர்வு ஒன்றைச் சொல்கிறது. பேச்சைத் தொடங்கும் பொறுப்பு மருத்துவக் குழுவினருடையது என்பதே அது. நோய் கண்டறியப்படும்போதும், பின்னர் அவ்வப்போதும் குழுவில் ஒருவர் இதைப் பற்றித் தாமே கேட்க வேண்டும். அவர் மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. செவிலியரோ ஆலோசகரோ கேட்கலாம்.

சிகிச்சைக்கு முன்: குழந்தைப்பேற்றைக் காத்தல்

சைக்ளோபாஸ்பமைடு போன்ற சில கீமோதெரபி மருந்துகளும், இடுப்புப் பகுதிக்குத் தரப்படும் கதிர்வீச்சும், எலும்பு மச்சை மாற்றத்துக்கு முன் தரப்படும் கடுமையான சிகிச்சையும் விந்தணுக்களையும் கருமுட்டைகளையும் அழிக்கக்கூடியவை. பாதிப்பின் அளவு மருந்து, அதன் மொத்த அளவு, நோயாளியின் வயது ஆகியவற்றைப் பொறுத்தது. சிலருக்குச் சில ஆண்டுகளில் கருவளம் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. யாருக்குத் திரும்பும் என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆண்களுக்கு விந்தணு சேமிப்பு எளிய வழி. ஓரிரு நாட்களில் மாதிரிகளைக் கொடுத்துவிடலாம். அவை திரவ நைட்ரஜனில் −196 டிகிரி செல்சியசில் உறைய வைக்கப்பட்டு, பல ஆண்டுகளுக்குப் பின்னும் பயன்படுத்தத்தக்க நிலையில் இருக்கும். இதனால் சிகிச்சை பெரும்பாலும் தாமதமாவதில்லை. மிதிவண்டி வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996இல் விதைப்பைப் புற்றுநோய் கண்டறியப்பட்டபோது, கீமோதெரபிக்கு முன் அவர் விந்தணுக்களைச் சேமித்துவைத்தார். அவருடைய முதல் மூன்று குழந்தைகள் அவற்றின் மூலம் பிறந்தனர். பிற்காலத்தில் இயற்கையாகவும் அவருக்குக் குழந்தைகள் பிறந்தன. கருவளம் திரும்புவதை நம்பியிருக்கவும் முடியாது, திரும்பாது என்று முடிவுகட்டவும் முடியாது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

பெண்களுக்குக் கருமுட்டை அல்லது கருவை உறைய வைக்கும் முறை உள்ளது. இதற்கு ஏறத்தாழ 2 வாரங்கள் ஊசிமருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். முன்பு மாதவிடாய் தொடங்கும் நாளுக்காகக் காத்திருந்தனர். இப்போது சுழற்சியின் எந்த நாளிலும் தொடங்க முடிவதால் நாட்கள் வீணாவது குறைந்துள்ளது. மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் அளவு கூடிவிடாமலிருக்க லெட்ரோசோல் மாத்திரையும் சேர்த்துத் தரப்படுகிறது. மணமாகாத பெண்கள் கருமுட்டையை மட்டும் சேமிக்கலாம். இடுப்பில் கதிர்வீச்சு பெற வேண்டியவர்களுக்குச் சினைப்பைகளை அறுவை மூலம் கதிர் படாத இடத்துக்கு நகர்த்திவைக்கும் முறையும் உண்டு.

பூப்பெய்தாத சிறுமிகளுக்குச் சினைப்பைத் திசுவை எடுத்து உறைய வைப்பதே இப்போதுள்ள வழி. இவ்வாறு சேமித்த திசுவைத் திரும்பப் பொருத்திய பின் குழந்தை பிறந்த செய்தி முதன்முதலில் 2004இல் பெல்ஜியத்திலிருந்து வந்தது. அங்கு திசுவைச் சேமித்தவர் வயதுவந்த பெண். பூப்பெய்தாத சிறுவர்களுக்கான விதைப்பைத் திசு சேமிப்பு ஆய்வு நிலையிலேயே உள்ளது.

இந்த வழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான நிபந்தனை, முதல் ஊசிக்கு முன் நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே. இரத்தப் புற்றுநோய் போன்றவற்றில் சிகிச்சையைச் சில நாட்கள்கூடத் தள்ளிப்போட முடியாமல் போகலாம். அப்போதும் என்ன இழக்க நேரிடலாம் என்பதை நோயாளிக்கோ, சிறுவராயின் பெற்றோருக்கோ சொல்லிவிடுவது வேண்டும். 20 வயது இளைஞர் ஒருவருக்குக் குழந்தையைப் பற்றிய எண்ணமே அப்போது இல்லாமலிருக்கலாம். பத்து ஆண்டுகள் கழித்து அவர் கேட்கும் கேள்விக்கு அந்த ஒரு வாரத்தில்தான் விடை இருந்திருக்கும்.

ஆண்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

புராஸ்டேட் சுரப்பியை ஒட்டியே விறைப்புக்கான நரம்புகள் செல்கின்றன. சுரப்பியை முழுதாக அகற்றும் அறுவையில் இந்நரம்புகள் சேதமடையலாம். அமெரிக்க மருத்துவர் பேட்ரிக் வால்ஷ் 1982இல் நரம்புகளைக் காத்துச் செய்யும் அறுவை முறையை உருவாக்கினார். இருப்பினும், நரம்புகள் காக்கப்பட்டாலும் விறைப்பு திரும்ப 2 ஆண்டுகள்வரை ஆகலாம். இது முன்பே சொல்லப்படாவிட்டால், மூன்றாம் மாதத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று நோயாளி மனம் தளர்ந்துவிடுவார். இந்த அறுவைக்குப் பின் விந்து வெளிவராது. ஆனால் உச்சநிலை உணர்வு பெரும்பாலும் இருக்கும். கதிர்வீச்சின் விளைவு வேறுவிதமானது. முதலில் மாற்றம் தெரியாமல், சில ஆண்டுகளில் மெல்ல மெல்லத் தோன்றும். ஆண் ஹார்மோனைக் குறைக்கும் சிகிச்சையில் நாட்டமே குறைகிறது. இது மருந்தின் விளைவு, துணைவர் மீதான வெறுப்பன்று என்பதை இருவரும் அறிந்திருக்க வேண்டும்.

சில்டெனாபில் போன்ற மாத்திரைகள், வெற்றிடக் கருவி, ஆண்குறியில் போடும் ஊசி, அறுவை மூலம் பொருத்தும் கருவி ஆகியவை விறைப்புக் குறைபாட்டுக்கு உள்ள வழிகள். நெஞ்சுவலிக்காகச் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்து எடுத்துக்கொள்பவர்கள் சில்டெனாபில் எடுத்துக்கொண்டால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும். எனவே மருந்துக்கடையில் தாமாக வாங்கக் கூடாது.

விதைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் இளம் வயதில் வருகிறது. ஒரு விதையை அகற்றினாலும், மற்றொன்று நலமாக இருந்தால் ஆண் ஹார்மோனுக்கும் கருவளத்துக்கும் பொதுவாக அதுவே போதும்.

பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற பின் பெண்ணுறுப்புக் குழாயின் சுவர்கள் ஒட்டிச் சுருங்கி, வறண்டு, நீளம் குறையலாம். இதைத் தடுக்க விரிப்பான் எனப்படும் வழவழப்பான குழல் வடிவக் கருவியை, சிகிச்சை முடிந்து சில வாரங்களுக்குப் பின் தொடங்கி, வாரத்தில் 2 அல்லது 3 முறை பயன்படுத்துமாறு அறிவுறுத்தப்படுகிறது. இது பாலுறவுக்காக மட்டும் அன்று. குழாய் சுருங்கிவிட்டால், நோய் திரும்பியுள்ளதா என்று பார்க்கும் பரிசோதனையும் கடினமாகும். துணையற்ற பெண்களுக்கும் இது தேவைப்படுவதற்குக் காரணம் இதுவே.

கருப்பை அகற்றப்பட்டால் உள்ளே வெற்றிடமாகிவிடும், உறவு முடியாது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் குழாயின் மேல்முனை தைத்து மூடப்படுகிறது. புண் ஆறிய பின், பொதுவாக 6 முதல் 8 வாரங்கள் கழித்து, மருத்துவர் பார்த்துச் சொன்னதும் உறவு கொள்ளலாம். சினைப்பைகள் அகற்றப்பட்டாலோ கதிர்வீச்சால் செயலிழந்தாலோ எந்த வயதிலும் மாதவிடாய் நின்றுபோகும். இயற்கையாகப் பல ஆண்டுகளில் வரும் உடல் வெப்பம், தூக்கமின்மை, வறட்சி ஆகியவை ஒரே நேரத்தில் வந்து தாக்கும்.

மார்பகப் புற்றுநோயில் மார்பகத்தை இழப்பது உடலைப் பற்றிய எண்ணத்தை மாற்றிவிடுகிறது. கணவர் முன் உடை மாற்றவே தயங்கும் பெண்கள் உண்டு. மார்பகத்தின் ஒரு பகுதியை மட்டும் நீக்குதல், மறுசீரமைப்பு அறுவை, உள்ளாடையில் வைக்கும் செயற்கை மார்பகம் ஆகிய வழிகளை அறுவைக்கு முன்பே விளக்குவது நல்லது. 5 முதல் 10 ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் ஹார்மோன் தடுப்பு மாத்திரைகள் வறட்சியையும் வலியையும் உண்டாக்கலாம். இதைச் சொல்லாமல் விட்டால், தொந்தரவு தாங்காமல் மாத்திரையையே நிறுத்திவிடும் ஆபத்து உண்டு. அது நோய் திரும்பும் வாய்ப்பைக் கூட்டும்.

இந்த மாத்திரைக் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது. ஆனால் அது முடியும்வரை காத்திருந்தால் பலருக்கு வயது கடந்துவிடும். 2023இல் வெளியான 'பாசிட்டிவ்' என்னும் பன்னாட்டு ஆய்வு, 42 வயதுக்கு உட்பட்ட பெண்கள் 18 முதல் 30 மாதங்கள் மாத்திரை எடுத்த பின் 2 ஆண்டுகள்வரை நிறுத்திக் கருத்தரிக்க முயன்றபோது, குறுகிய காலத்தில் நோய் திரும்புவது கூடவில்லை என்று காட்டியது. நீண்டகால விளைவுகள் தொடர்ந்து கண்காணிக்கப்படுகின்றன. மருத்துவரின் மேற்பார்வையில்லாமல் இதைச் செய்யக் கூடாது.

வறட்சிக்கு, நீர் அடிப்படையிலான வழுக்குப் பசைகளும் ஈரப்பதம் தரும் பூச்சுகளும் முதல் தீர்வு. தேங்காய் எண்ணெய் போன்ற எண்ணெய்கள் இரப்பர் ஆணுறையைப் பலவீனமாக்கிக் கிழியச் செய்யும் என்பதால் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது.

பிற புற்றுநோய்கள்

வயிற்றில் துளையிட்டு மலப்பை பொருத்தப்பட்டவர்கள், பை கசியுமோ, வாடை வருமோ என்று அஞ்சுகின்றனர். உறவுக்கு முன் பையைக் காலி செய்வது, சிறிய பையாக மாற்றுவது, துணியால் மூடிக்கொள்வது போன்ற சிறு குறிப்புகள் இவர்களுக்குப் பெரிதும் உதவும். வாய், தொண்டைப் புற்றுநோயில் உமிழ்நீர் வற்றுதலும் முகத் தழும்பும் முத்தமிடுவதையே கடினமாக்கலாம். எந்தப் புற்றுநோயிலும் களைப்பு, வலி, மனச்சோர்வு ஆகியவை நாட்டத்தைக் குறைக்கும். ஆகவே நோய் எந்த உறுப்பில் இருந்தாலும் இந்தப் பேச்சு தேவையே.

அடிக்கடி எழும் ஐயங்கள்

புற்றுநோய் தொற்றுமா? தொற்றாது. தொடுதல், முத்தம், உறவு, ஒரே தட்டில் உண்ணுதல் ஆகிய எதன் மூலமும் புற்றுநோய் மற்றவருக்குப் பரவுவதில்லை.

கருப்பை வாய்ப் புற்றுநோய் தவறான நடத்தையால் வருவதா? இந்நோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்னும் வைரஸ். இதைக் கண்டறிந்த ஜெர்மன் அறிவியலாளர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இவ்வைரஸ் உறவின் மூலம் பரவினாலும் மிகப் பரவலானது. பாலுறவு கொள்ளும் பெரும்பாலோருக்கு வாழ்வில் ஒரு முறையேனும் தொற்றி, தானே நீங்கிவிடும். நீங்காமல் தங்கிய தொற்று புற்றுநோயாக மாற வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எனவே நோய் வந்ததை வைத்து மனைவியையோ கணவரையோ ஐயுறுவதற்கு அடிப்படை இல்லை.

கதிர்வீச்சு பெற்றவரைத் தொட்டால் கதிர் பாயுமா? வெளியிலிருந்து தரப்படும் கதிர்வீச்சால் நோயாளியின் உடல் கதிர்வீசும் பொருளாக மாறுவதில்லை. புராஸ்டேட்டில் கதிர்வீசும் சிறு துகள்களை நிலையாகப் பதிக்கும் முறையில் சில வாரங்களுக்கு ஆணுறை முதலிய முன்னெச்சரிக்கைகள் சொல்லப்படும்.

கீமோதெரபியின்போது உறவு கொள்ளலாமா? உடல்நிலை இடம் கொடுத்தால் பெரும்பாலும் கொள்ளலாம். மருந்தின் எச்சம் உடல் திரவங்களில் சில நாட்கள் இருக்கலாம் என்பதால் ஆணுறை பயன்படுத்துமாறு சொல்லப்படுகிறது. வெள்ளை அணுக்களோ இரத்தத் தட்டுகளோ மிகவும் குறைந்திருக்கும் நாட்களில் தொற்றும் இரத்தக்கசிவும் ஏற்படலாம். அப்போது தவிர்ப்பது நல்லது.

மாதவிடாய் நின்றுவிட்டால் கருத்தடை தேவையில்லையா? தேவை. மாதவிடாய் வராமலே கரு உருவாகக்கூடும். சிகிச்சைக் காலத்தில் அது குழந்தைக்கு ஆபத்து. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் ஹார்மோன் கருத்தடை மாத்திரைகளைத் தவிர்த்து, ஆணுறை, காப்பர்-டி போன்றவற்றை மருத்துவரிடம் கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

துணைவரின் தேவைகள்

துணைவருக்கும் தகவல் தேவை. வலிக்குமோ என்று அஞ்சிக் கணவர் விலகியிருக்க, தன் உடல் பிடிக்காமல்தான் விலகுகிறார் என்று மனைவி எண்ணிக்கொள்வது அடிக்கடி நிகழ்வது. இருவரின் அக்கறையே இருவரையும் பிரித்துவிடுகிறது. கை பிடித்தல், அணைத்தல், அருகில் படுத்தல் ஆகியவையும் நெருக்கமே என்பதையும், உறவு கொள்ள முடியாத நாட்களிலும் அவற்றை விட வேண்டியதில்லை என்பதையும் ஆலோசகர்கள் இருவரையும் சேர்த்துவைத்துச் சொல்வது பயன்தருகிறது.

பேச்சைத் தொடங்க ஒரு படிமுறை

அமெரிக்க உளவியலாளர் ஜாக் அனன் 1976இல் முன்வைத்த படிமுறை இன்றும் மருத்துவப் பயிற்சிகளில் கற்பிக்கப்படுகிறது. அதில் நான்கு படிகள் உள்ளன. முதற்படி, இதைப் பற்றி இங்கே பேசலாம் என்று இசைவு தருதல். இரண்டாவது, அவரவர் நோய்க்கு ஏற்ற அளவில் தகவல் தருதல். மூன்றாவது, குறிப்பிட்ட யோசனைகள் சொல்லுதல். நான்காவது, தேவைப்படுவோரை வல்லுநரிடம் அனுப்புதல். மேலே செல்லச் செல்லத் தேவைப்படுவோர் எண்ணிக்கை குறையும். பெரும்பாலோருக்கு முதல் இரண்டு படிகளே போதுமானவை. அவற்றுக்குச் சிறப்புப் பட்டமோ நீண்ட நேரமோ தேவையில்லை.

தமிழ்ச் சூழல்

தமிழில் இதைப் பேசச் சொற்கள் இல்லாமலில்லை. ஆனால் அச்சொற்கள் நூல் வழக்காகவோ வசைச் சொல்லாகவோ இருப்பதால் மருத்துவமனையில் வாய்க்கு வருவதில்லை. "தாம்பத்தியம்", "ஒன்றாக இருப்பது", "வீட்டுக்காரரோடு சேர்வது" என்று சுற்றி வளைத்தே கேட்கப்படுகிறது. கேள்வியின் உட்பொருளைப் புரிந்துகொண்டு, அதே சொல்லில் தொடங்கித் தெளிவான சொல்லுக்கு நகர்வது மருத்துவக் குழுவினரின் கடமை.

இன்னொரு தடை, நோயாளி தனியாக மருத்துவரைப் பார்ப்பதில்லை என்பது. அம்மா, அண்ணன், மாமியார் என்று யாராவது உடனிருப்பர். மகனுக்கு முன் தாயும், மாமியாருக்கு முன் மருமகளும் இதைக் கேட்க மாட்டார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் சில நிமிடங்கள் தனியாகப் பேச வாய்ப்புத் தருவதும், ஆண்களுக்கு ஆண் ஊழியரும் பெண்களுக்குப் பெண் செவிலியரும் பேசுவதும், வீட்டில் படிக்கும்படி எளிய தமிழில் அச்சிட்ட குறிப்பைக் கையில் கொடுப்பதும் செலவில்லாத அல்லது குறைந்த செலவுள்ள வழிகள்.

நோயாளி கேட்கக்கூடிய கேள்விகள்

மருத்துவக் குழுவினர் தாமாகத் தொடங்காவிட்டால், நோயாளியோ துணைவரோ கீழ்க்காணும் கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்துக் கேட்கலாம். வாயால் கேட்கக் கூச்சப்படுவோருக்கு இது எளிது.

1. இந்தச் சிகிச்சை எனக்குக் குழந்தை பிறக்கும் வாய்ப்பைப் பாதிக்குமா? தொடங்கும் முன் சேமித்துவைக்க நாட்கள் உள்ளனவா?
2. சிகிச்சையின்போது உறவு கொள்ளலாமா? எந்த நாட்களில் தவிர்க்க வேண்டும்?
3. எந்தக் கருத்தடை முறை எனக்கு ஏற்றது? எவ்வளவு காலம் கருத்தரிக்கக் கூடாது?
4. என் உடலில் என்னென்ன மாற்றங்கள் வரும்? அவற்றுள் தற்காலிகமானவை எவை, நிலையானவை எவை?
5. வலி, வறட்சி, விறைப்புக் குறைபாடு வந்தால் யாரைப் பார்க்க வேண்டும்?
6. என் கணவரிடம் அல்லது மனைவியிடமும் இதை நீங்கள் விளக்க முடியுமா?

இவற்றுள் முதல் கேள்வி மட்டும் தள்ளிப்போடக் கூடாதது. மற்றவற்றைச் சிகிச்சையின் எந்தக் கட்டத்திலும், சிகிச்சை முடிந்து ஆண்டுகள் கடந்த பின்னும் கேட்கலாம்.